ஜினெட்டுக்கு எண்ணெய் மாற்றிய நாட்கள்

நேற்றுச் சாயங்காலம் சாம்பாருக்காகப் பெருங்காய டப்பாவைத் திறந்தேன். தூள் இல்லை, கட்டி. மூடியைத் திறந்ததுமே குப்பென்று நெடி மூக்கில் ஏறியது. ஊரை விட்டு வந்த மனுஷிக்கு இந்த இடத்தில் அம்மாவின் சமையலறை ஞாபகம் வர வேண்டும். அதுதான் முறை. எனக்கு ஒரு மோட்டார் படகின் பின்பக்கம் ஞாபகம் வந்தது. பருப்பு பொங்கி அடுப்பில் வழிய, நான் கரண்டியும் கையுமாக நின்று தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். என் கணவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். நான் பெருங்காயத்தைப் பார்த்துச் சிரிப்பது அவருக்குப் பழகிப்போன விஷயம்.

அவருக்குத்தான் அலுத்துவிட்டது, உங்களுக்காவது சொல்கிறேன். கியர் ஆயில் என்று ஒரு எண்ணெய் உண்டு. தேன் மாதிரிக் கெட்டியாக இருக்கும். கந்தகச் சரக்கு ஏதோ கலப்பார்களாம், அதனால் அழுகிய முட்டைக்கும் பெருங்காயத்துக்கும் நடுவே ஒரு நாற்றம் அடிக்கும். கையில் பட்டால் எந்த சோப்புக்கும் மசியாது. ஒவ்வொரு வருஷமும் இலையுதிர் காலத்தில் ஒரு திங்கட்கிழமை மட்டும் அலுவலக மீட்டிங்கில் என் பக்கத்து நாற்காலி காலியாகவே இருக்கும். வார இறுதியில் என்ன செய்தாய் என்று மேனேஜர் மரியாதைக்குக் கேட்டார். ஜினெட்டுக்கு எண்ணெய் மாற்றினேன் என்று உண்மையைச் சொன்னேன். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

ஜினெட் என்பது படகின் பெயர். எங்கள் பக்கத்து வீட்டு அம்மாளின் பெயரும் அதுவேதான். இந்தக் குழப்பம் எப்படி வந்தது என்று சொல்வதற்கு நான் மொன்றியலுக்கு வந்த கதையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

சேலத்திலிருந்து மென்பொருள் வேலைக்கு வந்தவள் நான். செய்த வேலை டெஸ்டர், அதாவது மற்றவர்கள் எழுதியதில் ஓட்டை இருக்கிறதா என்று நோண்டிப் பார்ப்பது. அஹுன்ட்சிக்கில் ஒரு வீட்டின் பேஸ்மென்ட்டில் குடியிருந்தேன். மேலே வீட்டுக்காரர்கள், ஜெசிந்தா அக்காவும் அருளப்பு அண்ணையும். மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர்கள். எங்கள் ஊர் வழக்கத்துக்கு நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிட்டிருக்க வேண்டும். அந்த வீட்டுக்கு வருகிற போகிற எல்லோரும் அண்ணை அண்ணை என்றதில் எனக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது. முதல் மாதம் அவர்கள் பேசியது பாதி புரியவில்லை. நான் பேசியது அவர்களுக்கு முழுதாகப் புரிந்தது, நம் சினிமாக்களின் புண்ணியம்.

அருளப்பு அண்ணை சென்ட் லோரன்ட்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். ஆறடி உயரம், பூனைக் குரல். ஜெசிந்தா அக்கா அவருடைய தோளுக்குக்கூட வரமாட்டார், குரல் மட்டும் தெருமுனை வரை போகும். அவர் வேலை பார்த்தது ஒரு கார்டெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில். ஒரு வகுப்பு நிறைய நண்டு சிண்டுகள், எல்லாம் பிரெஞ்சிலேயே அழும், பிரெஞ்சிலேயே மூக்கைத் துடைத்துவிடச் சொல்லும். படகு வாங்க ஆசைப்பட்டது அக்காதான். பக்கத்து வீட்டு முசியே ஜில் தன் படகை விற்கப் போகிறார் என்று கேள்விப்பட்டதும் வேலி தாண்டிப் போய்ப் பேசி முடித்துவிட்டு வந்தார். முசியே ஜில் தன் மனைவியின் பெயரை அதன் பின்பக்கம் பெரிய நீல எழுத்தில் எழுதி வைத்திருந்தார். பெயரை அழித்தால் படகுக்கு ஆகாது என்று அருளப்பு அண்ணை தடுத்துவிட்டார். அதனால் ஜினெட் ஜினெட்டாகவே எங்கள் வாசலுக்கு வந்தாள். நாங்கள் முற்றத்தில் நின்று, ஜினெட்டின் பின்பக்கம் பாசி பிடித்திருக்கிறது, சுரண்ட வேண்டும் என்று தமிழில் உரக்கப் பேசுவோம். தன் பெயர் காதில் விழுந்த மதாம் ஜினெட் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சந்தோஷமாகக் கையாட்டுவார். நாங்களும் கையாட்டுவோம்.

படகோட்டும் அனுமதி அட்டைக்குப் படித்துப் பரீட்சை எழுதி வாங்கியவரும் அக்காதான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் சேலையை மாற்றிவிட்டு, லவாலுக்கும் எங்களுக்கும் நடுவில் ஓடும் ஆற்றில் படகை இறக்குவார். பெரும்பாலும் தனியாக. சில நாள் என்னைக் கூட்டிப் போவார், ஒரே நிபந்தனை, வாயைத் திறக்கக் கூடாது. அக்கா படகு ஓட்டுவதைப் பார்த்தால் கார்டெரியில் பிள்ளைகளை இவரிடம் நம்பி விட்டிருக்கிறார்களே என்று பகீரென்றிருக்கும். அப்படி ஒரு வேகம். ஒரு முறை இன்ஜினை அணைத்துவிட்டு நடு ஆற்றில் கால் நீட்டி உட்கார்ந்தார். அன்றைக்கு அவராகவே சொன்னார்: "கிழமை முழுக்க ஜெசி ஜெசி எண்டு பிள்ளையள் கூப்பிட்டுக்கொண்டே இருக்குங்கள். வீட்டை வந்தா இவர் கூப்பிடுவார். ஆத்தில மட்டும்தான் பிள்ளை, ஒருத்தரும் என்னைக் கூப்பிடுறேல்லை." அதன் பிறகு நான் இருமல் வந்தால்கூட அடக்கிக்கொண்டேன்.

அருளப்பு அண்ணை படகில் ஏறவே மாட்டார். கடற்கரையில் பிறந்து வளர்ந்த மனிதர்தான். தண்ணீரென்றால் பயம். காரணம் சொன்னதில்லை. யுத்தக் காலத்தில் அந்தக் கடலில் என்னென்ன நடந்தது என்று ஓரளவு தெரிந்ததால் நானும் கேட்கவில்லை. படகை ட்ரெயிலரில் ஏற்றுவது, கழுவுவது, உறை போர்த்துவது எல்லாம் அவர் வேலை. தண்ணீர் தொடங்குகிற இடத்தில் அவர் நின்றுவிடுவார்.

இப்போது எண்ணெய்க்கு வருகிறேன். இந்த மாதிரிப் படகுக்கு இன்ஜின் உள்ளே இருக்கும். வெளியே, பின்பக்கம், தண்ணீருக்குள் கால் மாதிரி ஒன்று தொங்கும். விசிறி அந்தக் காலில்தான் இருக்கிறது. ஸ்டெர்ன்டிரைவ் என்று முழுப் பெயர், எங்கள் வீட்டில் கால் என்றுதான் சொல்வோம். காலுக்குள் பல்சக்கரங்கள் அந்தக் கியர் ஆயிலில் முங்கிக் கிடக்கும். குளிர்காலம் வருமுன் படகைக் கரையேற்றி, பழைய எண்ணெயை வடித்துப் புதிது ஏற்ற வேண்டும். வசந்தத்தில் செய்தால் என்ன என்று சோம்பேறியான நான் கேட்டிருக்கிறேன். காலுக்குள் எப்படியாவது தண்ணீர் புகுந்திருந்தால் அது உறைந்து விரியும். மொன்றியல் குளிரில் விரிந்தால் கால் பிளந்துவிடும். ஆகவே பனி விழுமுன் பார்த்தாக வேண்டும்.

பார்ப்பது என்றால் நிறத்தைப் பார்ப்பது. காலின் அடியில் ஒரு திருகாணி, மேலே ஒரு திருகாணி. இரண்டையும் கழற்றினால் எண்ணெய் கீழே வடியும். தேன் நிறத்திலோ கறுப்பாகவோ வந்தால் சுகம். பால் விட்ட தேத்தண்ணி மாதிரி வெள்ளையாக வந்தால் சீல் போய்விட்டது, ஆற்றுத் தண்ணீர் உள்ளே புகுகிறது, காலையே பிரித்து மேய வேண்டும் என்று அர்த்தம். ஸ்கேன் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கிற மாதிரி இருக்கும் அந்த ஒரு நிமிஷம்.

குளிர்காலத்துக்கு இங்கே வீட்டு வாசலில் காருக்கு வெள்ளைக் கூடாரம் போடுவார்கள் இல்லையா, எங்கள் கூடாரத்தில் ஜினெட் இருப்பாள், கார் தெருவில் நனையும். கூடாரம் போட்டபின் வருகிற ஞாயிற்றுக்கிழமைதான் எண்ணெய் மாற்றும் நாள். கிட்டத்தட்ட ஒரு பெருநாள். காலையில் பூசை, மத்தியானம் புட்டும் மீன் குழம்பும், நடுவில் எண்ணெய். அடித் திருகாணியில் கை வைக்குமுன் அருளப்பு அண்ணை அந்தோனியாருக்கு ஒரு செபம் சொல்வார். நான் டார்ச் பிடிப்பேன், பயபக்தியோடு. எங்கள் அப்பா ஆயுத பூஜைக்கு ஸ்கூட்டர் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியவர். அந்த வம்சத்தில் வந்துவிட்டு அந்தோனியாரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு வாயில்லை.

படகில் அக்காவின் தம்பி பெஞ்சமினுக்கும் பங்கு இருந்தது. கர்க்லாண்டில் பெரிய வீடு, வாசலில் வெட்டிச் சீர் செய்த செடிகள், இஸ்திரி போட்ட ஜீன்ஸ். நல்ல மனிதர்தான், ஆனால் எதிலும் ஒரு ஒழுங்கு வேண்டும் அவருக்கு. அவருக்கு ஜினெட்டைப் பிடிக்காமல் போனதற்குக் காரணம் நான் சொல்லப் போகிற அந்தக் கோடை.

அந்தக் கோடையில் பெஞ்சமின் தன் அலுவலகத்துப் பெரியவரையும் அவர் மனைவியையும் படகில் அழைத்துப் போனார். அந்த அம்மாள் வெள்ளை உடுப்பு, வெள்ளைத் தொப்பி. ஓட்டியது அக்கா. நடு ஆற்றில் இன்ஜின் செருமியது, இருமியது, நின்றுவிட்டது. கயாக்கில் போய்க்கொண்டிருந்த இரண்டு பெண்கள் கயிறு கட்டி அந்தப் படகை, பெரியவர், தொப்பி, பெஞ்சமின் சகிதமாகக் கரைக்கு இழுத்து வந்தார்கள். துடுப்புப் போட்டு. கரையிலிருந்தவர்கள் கைதட்டினார்கள். சில வாரம் கழித்து பெஞ்சமினின் மாமியார் வீட்டார் வந்தபோது மறுபடியும் அதே இடத்தில் அதே செருமல். இந்த முறை கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி, பழக்கதோஷம்.

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் பெஞ்சமின் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: "அக்கா, காலுக்கையும் ஏதோ சத்தம் கேக்குது. இந்த முறை எண்ணெய் வெள்ளையா வந்தா விக்கிறம். பேந்து கதைக்கக் கூடாது." அக்கா குழம்பை ஊற்றியபடியே, ஓம் என்றார். வெள்ளையாக வந்தால் தானே விற்றுவிடுவதாகவும் சொன்னார். ரோசக்காரி. சொல்லிவிட்டு எனக்கு ஊற்ற வேண்டிய குழம்பைத் தண்ணீர்க் குவளையில் ஊற்றினார். அதைப் பார்த்தபோதுதான் அவருக்கு உள்ளே எப்படி அடித்துக்கொள்கிறது என்று எனக்குப் புரிந்தது.

இலையெல்லாம் கொட்டி, எண்ணெய் மாற்றும் ஞாயிறு வந்தது. பெஞ்சமின் கர்க்லாண்டிலிருந்து புதுக் கையுறைகளோடு வந்து இறங்கினார். கூடாரத்துக்குள் நாங்கள் நான்கு பேரும் காலைச் சுற்றிக் குந்தினோம். அருளப்பு அண்ணை அன்றைக்குச் செபத்தை வழக்கத்தைவிட நீட்டினார். பெஞ்சமின் தொண்டையைச் செருமிப் பார்த்தும் அவர் அந்தோனியாரை விடுவதாக இல்லை. பழைய சோற்றுப் பானை ஒன்றை அடியில் பிடித்தார். அக்கா பெரிய ஸ்குரூட்ரைவரைப் பொருத்தி, பல்லைக் கடித்துத் திருகினார்.

பால் தேத்தண்ணி. அருமையான, கொழகொழவென்ற, சாயம் குறைந்த பால் தேத்தண்ணி. நாற்றம் மட்டும் இல்லையென்றால் குடிக்கலாம் போல இருந்தது. பெஞ்சமின் கையுறையைக் கழற்றிவிட்டு, விளம்பரத்துக்குப் படம் எடுக்கலாம் என்று கைப்பேசியை வெளியே எடுத்தார். பாவம், குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். அக்கா கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து ஸ்குரூட்ரைவரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார், அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. இனி ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த மனுஷி எங்கே போவார் என்று நினைத்துப் பார்த்தேன். ஒரு இடமும் தோன்றவில்லை.

அப்போது பானையைப் பிடித்திருந்த அருளப்பு அண்ணை மெதுவாக வாயைத் திறந்தார். "அது ஆத்துத் தண்ணி இல்லை."

நாங்கள் மூவரும் அவரைப் பார்த்தோம். அவர் பானையைப் பார்த்தார். "தீர்த்தம்," என்றார்.

விஷயம் இதுதான். ஊரிலிருந்து அவருடைய தங்கை ஒவ்வொரு வருஷமும் கோயில் தீர்த்தம் அனுப்புவார், மாதா உருவத்தில் இருக்கிற அந்த பிளாஸ்டிக் போத்தலில். நீலக் கிரீடத்தைத் திருகினால் திறக்கும். படகை முதன்முதலில் ஆற்றில் இறக்கியபோது அண்ணை அதில் கொஞ்சம் எடுத்துப் படகின் மேல் தெளித்தார். படகு போய்த் திரும்பி வந்தபோது பார்த்தால் தெளித்ததெல்லாம் நனைந்து கரைந்து ஆற்றோடு போயிருந்தது. மனிதர் யோசித்திருக்கிறார். இன்ஜினுக்குப் பக்கத்தில் கியர் ஆயிலுக்கென்று சிறிய குப்பி ஒன்று உண்டு, காலில் எண்ணெய் குறைந்தால் அதிலிருந்து தானாக இறங்கும். அந்தக் கோடை தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அக்கா சேலை மாற்றுகிற நேரத்தில் அண்ணை அந்தக் குப்பியைத் திறந்து தீர்த்தம் விட்டிருக்கிறார். "வெளியில தெளிச்சாக் கழுவுப்பட்டுப் போயிடும் எல்லே," என்று எங்களுக்கு விளக்கினார். "அதான் உள்ளுக்கை விட்டனான்."

பெஞ்சமின் நம்பவில்லை. அக்காவுக்காக அத்தான் பொய் சொல்கிறார் என்றார். வாராவாரம் பூசைக்குப் போகிற மனிதரிடம் இதைச் சொல்லலாமா? அண்ணை வீட்டுக்குள் போய் மாதா போத்தலைக் கொண்டுவந்து நீட்டினார். அடி வரை காலி. ஆனால் காலிப் போத்தல் எதையும் நிரூபிக்காது என்று எனக்குள் இருந்த டெஸ்டர் சொன்னாள். வாய் சும்மா இருக்காமல் அதை வெளியேயும் சொல்லிவிட்டேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்த மாத வாடகையோடு என் குடியிருப்பு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

சத்தம் கேட்டு முசியே ஜில் வேலியோரம் வந்து நின்றார். அக்கா பிரெஞ்சில் விஷயத்தைச் சொன்னார். காலுக்குள் தீர்த்தம் என்ற இடம் வந்ததும் அந்த மனிதர் வேலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே மடங்கிவிட்டார். இத்தனை வருஷத்தில் ஒரு படகு ஞானஸ்நானம் பெற்று அவர் பார்த்ததில்லையாம், அதுவும் உள்பக்கமாக. சிரித்து ஓய்ந்தபின் தன் கராஜிலிருந்து காற்றடிக்கும் கைப்பம்பு ஒன்றைக் கொண்டுவந்தார், முள் வைத்த வட்டமான மீட்டரோடு. வடித்த காலுக்குள் காற்றடித்து மூடிவிட்டால் போதும். சீல் நன்றாக இருந்தால் முள் நிற்கும். ஓட்டை இருந்தால் முள் இறங்கும், படகு போகும். சாப்பிட்டுவிட்டு வந்து பாருங்கள் என்றார்.

சாப்பிட்ட லட்சணத்தைக் கேளுங்கள். புட்டைக் குழைத்தபடி ஆளுக்கொரு சாக்குச் சொல்லி எழுந்து போனோம். நான் ஏதோ எடுக்க மறந்துவிட்டதாக. பெஞ்சமின் காரைப் பூட்டினேனா என்று பார்ப்பதாக. அருளப்பு அண்ணை காரணமே சொல்லாமல். அக்கா மட்டும் எழவில்லை. கடைசியில் தட்டோடு எல்லோரும் கூடாரத்துக்கே போய்விட்டோம். அங்கே முசியே ஜில்லும் மதாம் ஜினெட்டும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மதாம் ஜினெட் தான் சுட்ட இனிப்பைக் கொண்டுவந்திருந்தார். கிரிக்கெட் மேட்ச் பார்க்கிற மாதிரி அத்தனை பேரும் ஒரு முள்ளைப் பார்த்துக்கொண்டு புட்டும் மீன் குழம்பும் இனிப்பும் சாப்பிட்டோம். முள் அசையவில்லை. பெஞ்சமின் விரலால் மீட்டரைத் தட்டினார். அசையவில்லை. காலையே ஆட்டிப் பார்த்தார். முள் கல் மாதிரி நின்றது.

மதாம் ஜினெட்தான் முதலில் கைதட்டினார். அந்தச் சந்தோஷத்திலும் பெஞ்சமினின் கணக்கு மூளை ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று திரும்பி, "அத்தான், பெற்றோல் ராங்கிக்கையும் விட்டனீங்களோ?" என்றார். பெட்ரோல் டாங்கில் தண்ணீர் கலந்தால் இன்ஜின் செருமாமல் என்ன செய்யும்.

அருளப்பு அண்ணை கூடாரத்தின் கூரையை அண்ணாந்து பார்த்தார். பெஞ்சமினின் சொந்தக்காரர்கள், பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்று அந்த இரண்டு நாள் மட்டும் கொஞ்சம் விட்டதாகக் கூரையிடம் சொன்னார். கயாக்குப் பெண்களும் வெள்ளைத் தொப்பியும் ஒரே நேரத்தில் எல்லோருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். நான் சிரித்த சிரிப்பில் புட்டு மூக்கில் ஏறிவிட்டது. பெஞ்சமின் ட்ரெயிலரின் சக்கரத்தில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வர, ஐயோ அத்தான், ஐயோ அத்தான் என்று தொடையில் அடித்துக்கொண்டார். இஸ்திரி போட்ட ஜீன்ஸ் முழுக்க கியர் ஆயில். மொழி புரியாத முசியே ஜில் எங்களைவிட அதிகமாகச் சிரித்தார்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்து கணவரைப் பார்த்துக் கேட்டார்: "நீங்கள் ஒருநாளும் போட்டில ஏறுறேல்லையே. பேந்தென்னத்துக்கு இவ்வளவு பயம்?"

அண்ணை அடித் திருகாணியைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார். "நீர் போறனீர் எல்லே."

அக்கா சட்டென்று திரும்பி, காலுக்கு அந்தப் பக்கம் போய்க் குந்திக்கொண்டார். அங்கே ஏதோ வேலை இருப்பது போல நிறைய நேரம் தலை வெளியே வரவில்லை. எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. கல்யாணம் என்ற ஏற்பாட்டில் ஏதோ விஷயம் இருக்கிறது போலும் என்று எனக்கு முதன்முதலாகத் தோன்றியது அந்த நாற்றமடிக்கிற கூடாரத்தில்தான். சாதகத்தோடு வந்த எந்த மாப்பிள்ளைப் படத்தைப் பார்த்தும் அப்படித் தோன்றியதில்லை.

பிறகு புது எண்ணெய் ஏற்றினோம். இதை மேலிருந்து ஊற்றக் கூடாது, உள்ளே காற்று சிக்கிக்கொள்ளும். அடித் துளையில் பம்பை மாட்டிக் கீழிருந்து மேலே ஏற்ற வேண்டும். மேல் துளையில் எண்ணெய் எட்டிப் பார்த்ததும் முதலில் மேல் திருகாணி, அப்புறம் பம்பைப் பிடுங்கிய வேகத்தில் அடித் திருகாணி. அன்றைக்குப் பெஞ்சமினே முழங்கை வரை எண்ணெயோடு பம்படித்தார். பாட்டுக்கூடப் பாடினார். முடிந்ததும் அத்தானை அந்தோனியார் படத்துக்கு முன்னால் நிறுத்தி, இனி தீர்த்தம் வெளியே மட்டும்தான் என்று சத்தியம் வாங்கினார். ஓம் ஓம் என்றார் அண்ணை. அக்காவுக்குப் படகு தப்பியது. எனக்கு வீடும் தப்பியது.

அடுத்த வருஷம் இதே நாளில் நெடுஞ்சாலையில் நெரிசல், பெஞ்சமின் வரத் தாமதமானது. அக்கா காத்திருக்கவில்லை. நான் டார்ச் பிடிக்க, அடித் திருகாணியை மெல்லத் தளர்த்தினார். எண்ணெய் வருமுன் தெளிந்த தண்ணீர் ஒரு சொட்டு வந்து திருகாணியின் நுனியில் நின்றது. தண்ணீர் கனம் அதிகம் அல்லவா, அடியில் தங்கியிருக்கிறது. அதற்குப் பின்னால் தேன் நிறத்தில் சுத்தமான எண்ணெய். அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். கூடாரத்துக்கு வெளியே அண்ணை தேவையே இல்லாமல் பெரிய சத்தத்தோடு இலை வாரிக்கொண்டிருந்தார். அக்கா அந்தச் சொட்டை விரலில் ஏந்தி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். அன்று முழுக்க அவர் நெற்றியில் முட்டை நாற்றம்.

அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் பெஞ்சமின் வருமுன்னே அடித் திருகாணி திறந்துவிடும். ஒரு சொட்டு மட்டும்தான், ஒருபோதும் கூடியதில்லை. சத்தியத்துக்கும் பயத்துக்கும் நடுவில் அண்ணை கண்டுபிடித்த அளவு அது போல. நான் படித்துப் பார்த்து, பனிக்கு முன் வடித்துவிட்டால் ஒரு சொட்டால் காலுக்கு மோசமில்லை என்று அக்காவிடம் அறிக்கை சமர்ப்பித்தேன். நான் உன்னைக் கேட்டேனா என்றார். பெஞ்சமின் வந்து பானைக்குள் எட்டிப் பார்த்து, தான் வாங்கிய சத்தியத்தின் பலன் என்று ஒவ்வொரு வருஷமும் மார் தட்டிக்கொள்வார். நாங்கள் மூவரும் வெவ்வேறு திசையில் பார்ப்போம். அந்த ஞாயிறுகளைப் போலச் சந்தோஷமாக நான் இந்த ஊரில் எப்போதும் இருந்ததில்லை.

எனக்குக் கல்யாணமாகி சென்ட் லோரன்ட்டுக்குக் குடிபோன பிறகும் எண்ணெய் நாளுக்குத் தவறாமல் போய்விடுவேன். ஒரு பனிக்காலத்தில் அருளப்பு அண்ணை இறந்துபோனார். ஆஸ்பத்திரிக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. வசந்தம் வந்ததும் அக்கா வழக்கம் போலப் படகை இறக்கினார், கோடை முழுக்க ஓட்டினார். நான் கூடப் போன நாட்களில் பேசலாம் என்று அனுமதி கொடுத்தார். எனக்குத்தான் பேச்சு வரவில்லை.

அந்த வருஷம் பெஞ்சமின் நேரத்தோடு வந்துவிட்டார், அக்காவைத் தனியாக விடக் கூடாதென்று. சாப்பாடும் அவரே கொண்டுவந்திருந்தார். அக்கா தானே பானையை வைத்து, தானே செபம் சொல்லி, திருகாணியை மெல்ல, மிக மெல்லத் தளர்த்தினார். டார்ச்சோடு நான் குனிந்து பார்த்தேன். முதலிலேயே எண்ணெய் வந்தது. தேன் மாதிரி, ஒரு கலங்கலும் இல்லாமல். அக்கா விரலைக் கீழே பிடித்தபடியே இருந்தார். எண்ணெய் விரலில் வழிந்து மணிக்கட்டு வரை ஓடியது.

பெஞ்சமினுக்கு ஒரே சந்தோஷம். "அக்கா, ஒரு சொட்டுத் தண்ணி இல்லை," என்றார்.

"ஓம்," என்றார் அக்கா. "இல்லை."

புது எண்ணெய் ஏற்றி, மேல் திருகாணி, அடித் திருகாணி எல்லாம் ஒழுங்காகப் போட்டார். பனி உருகியதும் படகை விற்றுவிடும்படி பெஞ்சமினிடம் சொன்னார். லவாலிலிருந்து ஒரு இளம் தம்பதி வந்து இழுத்துக்கொண்டு போனார்கள், போகுமுன்பே நீல எழுத்தைச் சுரண்டத் தொடங்கியிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களும் முதியோர் குடியிருப்புக்குப் போய்விட்டார்கள். அந்த வாசலில் இப்போது குளிர்காலத்தில் கார்தான் நிற்கிறது. அக்கா ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் நேரே வீட்டுக்கு வந்துவிடுகிறார். பெஞ்சமின் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார், கால் அவ்வளவு சுகமாக, எண்ணெய் அவ்வளவு சுத்தமாக இருந்த வருஷத்தில் போய் அக்கா ஏன் படகை விற்றார் என்று.